கேட்டது நெஞ்சுப் படம், எடுத்தது முழுக் குழந்தை

மதிப்பிற்குரிய கதிரியக்கப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் எழுதுகிறேன். கேட்ட இடத்தைத் தாண்டி எக்ஸ்ரே எடுப்பதைப் பற்றி நாங்கள் எழுதிய பழைய கடிதங்கள் உங்களிடமே இருக்கின்றன. அதனால் போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

900 கிராம் குழந்தை. மூச்சுக்குழாயில் வைத்த ட்யூப் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே கேட்டோம். முதல் படத்தில் குழந்தை ஒருக்களித்துக் கிடந்தது. இரண்டாவதில் ஈசிஜி ஒயர் ட்யூப் முனைக்கு மேலேயே விழுந்திருந்தது. போதாததற்குத் தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. தலை அப்படிக் கவிழ்ந்தால் முனையும் கீழே இறங்கிவிடும், படத்தை நம்ப முடியாது. மூன்றாவது தேறியது. ஆனால் அதில் தாடையிலிருந்து முழங்கால் வரை எல்லாம் இருந்தது, ஓரத்தில் என் இரண்டு விரல்கள் உட்பட. ஒவ்வொரு முறை குழந்தையைத் தூக்கி, படம் பதியும் கேசட்டை அடியில் வைக்கும்போதும் ஆக்சிஜன் அளவு இறங்கி, மானிட்டர் அலறியது.

ஒரு படத்தின் கதிர்வீச்சு மிகக் குறைவுதான், தெரியும். ஆனால் குறைமாதக் குழந்தைக்கு ஒரு படத்தோடு முடிகிறதா? அதன் செல்கள் வேகமாகப் பிரிந்து வளரும் காலம் இது. இனிமேல்தான் முழு ஆயுளும் இருக்கிறது.

கணினியில் ஓரங்களை வெட்டி அனுப்பினால் படம் அழகாகத்தான் தெரிகிறது. குழந்தையின் வயிற்றில் விழுந்த கதிரை எப்படி வெட்டுவது?

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கேட்ட இடத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பட்டனை அழுத்தும் முன், கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டத்தை நெஞ்சளவுக்குச் சுருக்க வேண்டும், அவ்வளவே. ஒயரை ஒதுக்கி, தலையை நேராக்கிப் பிடிக்க நாங்கள் இருக்கிறோம். இரண்டு நிமிடம் பொறுத்தால் போதும்.

குழந்தைகளுக்கு மென்மையாகப் படம் எடுங்கள் என்று ‘இமேஜ் ஜென்ட்லி’ இயக்கம் 2008இலேயே சொல்லத் தொடங்கிவிட்டது. நம் நடைபாதையிலும் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சுவரொட்டி பளபளவென்று தொங்குகிறது. அதை லேமினேட் செய்யக் காசு இருந்தது. எங்கள் பிரிவின் கதிரைத் தடுக்க நாங்கள் அணியும், விரிசல் விட்ட ஈய ஏப்ரனை மாற்றத்தான் இல்லை போலிருக்கிறது. அவசரப் பிரிவு, வார்டுகள், நாங்கள் என எல்லாவற்றுக்கும் இரவில் ஒரே டெக்னீஷியன். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

சரி, அது வேறு பேச்சு. கேட்ட இடத்தை மட்டும் எடுக்கட்டும். திரும்ப எடுத்தால், ஏன் என்று ஒரு வரி பதிவேட்டில் எழுதட்டும். தயவுசெய்து இந்த வாரம் ஓர் இரவு எங்கள் பிரிவுக்கு வந்து, ஒரு படம் எடுத்து முடியும்வரை நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணிச் செவிலியர்