முட்டி வலிக்கு இன்சோல் கேட்டு வருகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சில மாதங்களாக எங்கள் கடையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "முட்டி வலிக்கு இன்சோல் இருக்கா?" என்பதுதான். செருப்புக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோலும், எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்பும் செய்வது எங்கள் பிழைப்பு. ஆனாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதில்லை. நடந்து காட்டச் சொல்கிறோம், வாசல் படியில் இறங்கிப் பார்க்கச் சொல்கிறோம், சிலரை ஒன்றும் விற்காமல் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பிவிடுகிறோம். இதில் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். காரணத்தை விளக்கிச் சொல்லத்தான் இந்த மடல்.

முட்டி வலி என்று ஒரே பேராகச் சொன்னாலும் எங்களிடம் வருவது பெரும்பாலும் இரண்டு வேறு வலிகள். ஒன்று, இளவயதுக்காரர்களுக்கு முட்டிச்சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ வருவது. படி இறங்கினால் வலிக்கும், குத்தவைத்து எழுந்தால் வலிக்கும், பஸ்ஸில் காலை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலிக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்கள் இந்த வலியோடு வருகிறார்கள். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே வந்துவிட்டது. உங்கள் வேலையிடத்தில் இருக்கை இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.)

முட்டிச்சில்லு தொடை எலும்பின் நுனியில் இருக்கும் ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடுகிறது. நடக்கும்போது பாதத்தின் உள்வளைவு அளவுக்கு மேல் சரிந்தால் கணுக்கால் உள்பக்கம் சாயும். கூடவே கீழ்க்கால் எலும்பு உள்ளே திரும்பும், தொடையும் திரும்பும். சில்லின் ஓட்டம் மாறி ஒரு பக்கம் அழுத்தம் கூடலாம். இன்சோல் அந்த வளைவுக்கு முட்டுக் கொடுத்துச் சாய்வைக் கொஞ்சம் குறைக்கிறது. கொஞ்சம்தான். ஏனென்றால் தொடை உள்ளே திரும்புவதற்கு இடுப்பின் பக்கத் தசை பலவீனமாக இருப்பதும் ஒரு காரணமாகலாம். அதைச் செருப்பால் சரிசெய்ய முடியாது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இந்த வலி உள்ள 179 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2008-இல் வெளிவந்தது. ஆறு வாரத்தில், வளைவு வைத்த இன்சோல் போட்டவர்கள் வெறும் தட்டை இன்சோல் போட்டவர்களைவிடத் தேறியிருந்தார்கள். பிசியோதெரபி எடுத்தவர்களும் அவர்களுக்குக் குறையாமல் தேறியிருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது எல்லாக் குழுக்களும் நன்றாகவே முன்னேறியிருந்தன. அதில் கொடுத்தது அளவெடுத்துச் செய்த விலை கூடிய இன்சோலும் அல்ல, ரெடிமேட். அதனால் இப்படிப்பட்ட வலிக்கு முதலில் ரெடிமேடையே போட்டுப் பாருங்கள் என்கிறோம். பாத அமைப்பே மாறியிருந்தால் மட்டும் அச்செடுத்துச் செய்வோம்.

இன்சோல் தருவது ஆரம்ப வாரங்களில் கிடைக்கும் ஒரு நிம்மதி. வலி குறைந்த அந்த நேரத்தில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராகத் தூக்குவது, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தாழ்வான படியில் நிதானமாக ஏறி இறங்குவது. இவ்வளவு எளிமையா என்று பலருக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒருமுறை செய்து பாருங்கள், முட்டி உள்பக்கம் விழாமல் படி இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். வாரம் மூன்று நாளாவது, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள். எங்கள் அனுபவத்தில், இன்சோல் வாங்கிப் போட்டுக்கொண்டு பயிற்சியை விட்டவர்கள்தான் அதே வலியோடு திரும்ப வருகிறார்கள்.

இரண்டாவது, வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம். இதில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். கால் வில்லாக வளைந்து முட்டியின் உள்பக்கம் தேய்ந்தவர்களுக்கு, வெளிப்பக்கம் உயர்த்திய சாய்வு இன்சோலைச் சில வருடங்கள் செய்து கொடுத்தோம். சுமை வெளிப்பக்கம் மாறினால் வலி குறையும் என்று நம்பினோம். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய 200 பேரிடம் ஆஸ்திரேலியாவில் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் போட்ட பிறகும் அது தட்டை இன்சோலைவிட மேலான பலன் தரவில்லை. அதனால் அதை இனி விற்பதில்லை. வாங்கியவர்கள் கொண்டுவந்து கொடுங்கள், சாதாரண மெத்தை இன்சோலாக மாற்றித் தருகிறோம், பணம் வேண்டாம். தேய்மானத்துக்கும் முதல் வைத்தியம் தொடைத் தசைக்கான பயிற்சியும், உடல் கனமாக இருந்தால் எடையைக் குறைப்பதும்தான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. செருப்பை வாசலில் கழற்றிவிடுகிறோம். அடுப்படியில் கல் தரையில் மணிக்கணக்காக வெறுங்காலோடு நிற்கும் அம்மாக்களுக்குச் செருப்புக்குள் இருக்கும் இன்சோலால் என்ன பயன்? வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்வார் உள்ளதாக இருக்கட்டும். பின்பக்கம் திறந்த ஹவாய் செருப்பில் குதிகால் நழுவுவதால், வளைவு தாங்க வேண்டிய இடத்தில் தாங்காது.

சர்க்கரை நோயாளிகள் வந்ததும் அதைச் சொல்லிவிடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கெட்டியான வளைவு அழுத்திப் புண்ணாக்கினாலும் தெரியாது. நம் வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் உணர்விழந்த தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்கத்தான் இந்த நுண்துளை ரப்பரைச் செருப்பில் பயன்படுத்தினார்கள். அந்த வழியில் வந்த எம்.சி.ஆர். தாளைத்தான் உங்கள் இன்சோலின் மேலே ஒட்டுவோம். தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, விழுந்து அடிபட்ட பிறகு ஊன்ற முடியாவிட்டாலோ, மடக்கியது நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ எங்களிடம் வராதீர்கள். நேராக டாக்டரிடம் போங்கள்.

மற்றவர்கள் வரும்போது, தினமும் போடும் பழைய செருப்பைக் கழுவாமல் அப்படியே கொண்டுவாருங்கள். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் நடை பாதி புரிந்துவிடும். வலிக்கிற படி இறக்கத்தை ஒருமுறை வெறும் செருப்போடும், வளைவுக்கு அடியில் தற்காலிகமாக ஒரு ஈ.வி.ஏ. (லேசான நுரை போன்ற பொருள்) துண்டு ஒட்டி இன்னொரு முறையும் செய்து பார்ப்போம். அப்போதே வலி குறைந்தால் இன்சோல் உதவ வாய்ப்பு அதிகம். வித்தியாசமே இல்லையென்றால் நாங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். இந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை. வாங்கியவர்கள் முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் உறுத்தினால் எடுத்து வாருங்கள், தேய்த்துச் சரிசெய்து தருகிறோம்.

அளவு பார்ப்பது மாலை நான்கு மணிக்கு மேல். நாள் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும், அப்போது எடுக்கும் அளவுதான் சரியாக வரும்.

அன்புடன்,
உங்கள் செருப்புப் பட்டறையினர், வேலூர்