‘கூட யாரும்மா வர்றாங்க?’ என்று கேட்காத ஓட்டல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளைக்கு மேல் கிளை திறக்கிற ஓட்டல்களால் ஊர்ச்சாப்பாட்டின் ருசியே செத்துவிட்டது, எங்கே போனாலும் ஒரே சாம்பார்தான் என்று வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்ததைப் படித்தேன். மெஸ்களின் கைமணத்தைப் பற்றி அவர் சொன்னதற்கு நானும் கையெழுத்துப் போடுவேன். மற்றதற்கு, எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ‘தணிக்கைத் தடை’ (ஆட்சேபம்) எழுப்ப வேண்டியிருக்கிறது.

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர் நாகர்கோவில். பஞ்சாயத்து யூனியன், பேரூராட்சி, நகராட்சி என்று கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறதோ அங்கே நாங்கள் கேம்ப் போயாக வேண்டும். கூட வரும் ஆண்கள் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து, “ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்” என்று குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எண்பதுகளில் ஒரு பெண் தனியாக வந்து நின்றால் கல்லாவில் இருப்பவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். “கூட யாரும்மா வர்றாங்க?” யாரும் வரவில்லை என்றால், “ஃபேமிலி ரூம்ல உட்கார வைப்பா” என்று சர்வரிடம் சொல்வார்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஃபேமிலி ரூம் தெரிந்திருக்காது. கடையின் கோடியில் பலகை அடித்து மறைத்து, கறை படிந்த திரை ஒன்று தொங்கும். மின்விசிறிக் காற்று பலகைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருப்பதைச் சர்வர் மறந்தே போவார். இன்னொரு கரண்டி சாம்பார் வேண்டுமென்றால் திரையை விலக்கித் தலையை நீட்டிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மொத்தக் கடையும் திரும்பிப் பார்க்கும். இதற்குப் பயந்தே பல நாள் வெறும் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். கழிவறை எங்கே என்று கேட்கவே வாய் வராது. கேட்டாலும் கொல்லைப்பக்கம் கை காட்டுவார்கள். அந்தச் சமையலில் கைமணம் இருந்திருக்கலாம். நிதானமாக ருசி பார்க்கிற நிலையில் நான் இருந்ததில்லை.

அதனால் எனக்கு ஒரு ஓட்டல் பிடித்துப்போவதற்கான காரணம் வேறு. உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கக் கூடாது. கிளை வைத்து நடத்துகிறவர்களில் நல்லவர்கள் எனக்குக் கொடுத்தது அதைத்தான்.

முதலில் கோவை அன்னபூர்ணா. தாமோதரசாமி நாயுடு அறுபதுகளில் தொடங்கியது. காந்திபுரம் பக்கம் கேம்ப் இருந்தால் எனக்குச் சாப்பாட்டுக் கவலையே கிடையாது. நடுக்கூடத்தில் எந்த மேசையிலும் உட்காரலாம், எவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். முதலில் தண்ணீர் வரும். அப்புறம் மல்லி வாசம் தூக்கலாக, லேசான இனிப்போடு அந்தச் சாம்பார். இட்லியைத் தொட்டுச் சாப்பிடுகிறவர் அங்கே குறைவு. முக்கிச் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம். கிண்ணம் பாதியாகும்போதே சர்வர் வாளியோடு வந்து நிற்பார். காலை எட்டு மணிக்கு இருந்த பக்குவத்திலேயே மாலை நாலு மணிக்கும் சாம்பார் இருக்கிறதே, இதை ஒரு குறையாகச் சொல்ல எப்படி மனம் வரும்? நாள் முழுக்க வவுச்சர்களைப் புரட்டிவிட்டு வருகிறவளுக்கு ஆச்சரியங்கள் வேண்டாம்.

போகிற போக்கில் ஒன்று. 2024 செப்டம்பரில் மத்திய நிதியமைச்சர் கோவைக்கு வந்தபோது, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர்கள் ‘கிரீமைத் தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம்’ என்கிறார்கள் என்று சொன்னவர் இந்த அன்னபூர்ணாவின் சீனிவாசன்தான். அதற்கு அப்புறம் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்ட வீடியோவை நாடே பார்த்தது. கணக்குப் பார்த்தே காலம் தள்ளியவள் சொல்கிறேன், அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை.

சரவண பவனைப் பற்றி எழுதாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. எழுதுவதும் சுலபமில்லை. 1981ல் சென்னை கே.கே. நகரில் ஆரம்பித்த கடை. எங்கள் துறையின் தலைமை அலுவலகத்துக்கு நான் போகும்போதெல்லாம் அங்கேதான் சாப்பாடு. கழுவித் துடைத்த தரை, பெண்களுக்குத் தனிக் கழிவறை, நெய் மிதக்கும் சாம்பாரில் பதினாலு குட்டி இட்லி. வேலைக்கு இருந்த பையன்களில் தென்மாவட்டத்துக்காரர்கள் நிறைய, என் பேச்சைக் கேட்டதும் “அக்கா நம்ம பக்கமா?” என்பார்கள். முதலாளியை அண்ணாச்சி என்றே சொல்வார்கள். வைத்தியச் செலவு, பிள்ளைகள் படிப்பு என்று அவர் செய்ததையெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். அதே மனிதர்தான், தான் மணக்க நினைத்த ஒரு பெண்ணின் கணவரைக் கொல்ல வைத்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். 2019ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த ஆண்டே இறந்தும் போனார். அத்தனை பணத்துக்கும் செல்வாக்குக்கும் எதிரே அந்தப் பெண் கடைசிவரை பின்வாங்கவில்லை. தனியாக வருகிற பெண்ணுக்கு மரியாதையாக நாற்காலி போட்ட இடம் என்று நான் நினைத்திருந்த கடையின் முதலாளி, இன்னொரு பெண்ணுக்குச் செய்தது இது. சில வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போனேன். பரிமாறுகிற பையன் என்ன பாவம் செய்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். இன்னும் அந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை.

நேரான கணக்கு ஒன்று உண்டு. திருவனந்தபுரம் இந்தியன் காபி ஹவுஸ்.

எங்கள் மாவட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரி என்றாலே பலருக்கும் திருவனந்தபுரம்தான். என் தங்கச்சிக்கு அங்கே வைத்தியம் நடந்த காலத்தில் தம்பானூரில் இறங்கியதும் கால் தானாக அந்தக் கட்டடத்துக்குப் போகும். பஸ் ஸ்டாண்டையும் ரயில் நிலையத்தையும் ஒட்டி, செங்கல் நிறத்தில் உருளையாக நிற்கும். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. உள்ளே மாடிப்படி கிடையாது. சுற்றிச் சுற்றி மேலேறுகிற ஒரே சரிவுதான் தரை. வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மேசைகளும் திண்ணை மாதிரி இருக்கைகளும். தரை சரிந்திருக்கும், மேசை மட்டமாக இருக்கும். காபி தளும்பாது. சுவரில் விட்ட ஓட்டைகள் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். இடம் தேடி ஏறிக்கொண்டே போக வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கீழ்வரிசையிலேயே காத்திருப்பது நல்லது.

பரிமாறுகிறவர் வெள்ளைச் சட்டை, இடுப்பில் அகலப் பட்டை, விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு வருவார். பார்த்தால் கவர்னர் மாளிகை. விலையைப் பார்த்தால் பஸ் ஸ்டாண்ட். வெள்ளைப் பீங்கான் கோப்பையில் காபி. கட்லெட்டை உடைத்தால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. மசால்தோசையிலும் பீட்ரூட்தான். நம்மூரிலிருந்து முதன்முதலாகப் போகிறவர்கள் தோசையைப் பிரித்ததும் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். ருசியை மட்டும் வைத்து மார்க் போடச் சொன்னால், அந்தத் தோசை எங்கள் ஊர் ரசவடைக்குப் பக்கத்தில் நிற்காது. சாம்பார் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஆனால் கட்லெட்டும் ஒரு காபியும் வாங்கிக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட் வரும்வரை ஆஸ்பத்திரிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை, எழுந்திரு என்று ஒருவரும் சொன்னதில்லை. பில்லைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டியதும் இல்லை.

இதற்குக் காரணம் கடையின் கணக்கிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். காபி போர்டு நடத்திவந்த காபி ஹவுஸ்களை ஐம்பதுகளில் மூட ஆரம்பித்தார்கள். வேலை போனவர்களை, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் ‘நீங்களே நடத்துங்கள்’ என்று கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்தார். 1957ல் பெங்களூரில் முதல் சங்கம். 1958ல் கேரளத்தில் திருச்சூரில் கடை திறந்தது. இப்போதும் சங்கங்கள்தான் நடத்துகின்றன. உங்களுக்குக் காபி கொண்டுவந்து வைக்கிறவர் அந்தக் கடையின் பங்குதாரராக இருக்கலாம். கூட்டுறவுச் சங்கக் கணக்கின் லட்சணம் எனக்கு ஓரளவு தெரியும். பல சங்கங்கள் போர்டை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுக் கரைந்துபோனதையும் கண்டிருக்கிறேன். அறுபது வருஷத்துக்கு மேலாகக் கட்லெட் விற்றே ஒரு சங்கம் நிமிர்ந்து நிற்கிறது என்றால், அதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை போகலாம்.

மற்றவை சுருக்கமாக. மதுரையிலிருந்து கிளம்பி சிங்கப்பூர் வரை போன முருகன் இட்லிக் கடைக்கு இட்லிக்காகப் போங்கள், வாழையிலையில் நாலு சட்னியோடு எண்ணெய் ஊற்றிய பொடியையும் கேட்டு வாங்குங்கள். மற்றது எதற்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். திருவல்லிக்கேணியில் 1948ல் தொடங்கிய ரத்னா கபேயில் இட்லி சாம்பாருக்குள் மூழ்கிக் கிடக்கும். பேச்சுத்துணை வேண்டியதில்லாத சாப்பாடு. திண்டுக்கல்லில் 1957ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த தலப்பாக்கட்டியில் சீரகசம்பா பிரியாணி இன்றைக்கும் பொலபொலவென்றுதான் இருக்கிறது. அந்தப் பெயருக்காக வழக்கெல்லாம் நடந்தும், திண்டுக்கல்லில் இறங்கினால் எது அசல் என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது.

கிளைக்கடைகளுக்கு நான் வக்கீல் இல்லை. சென்னையில் பெயர் பெற்ற ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) பில்லில் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.க்கு மேலே ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாக ஒரு தொகை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025ல் ஆணையம் சொன்னதே சரி என்றது. எடுத்துச் சொன்னதும் சூப்பர்வைசர் மறுபேச்சில்லாமல் அந்தத் தொகையை அடித்துவிட்டுக் கொடுத்தார். எனக்கு அடித்தார், பக்கத்து மேசைக்கு அடிக்கவில்லை. கேட்கிறவர்களுக்கு மட்டும் நியாயம் என்பது எந்தத் தணிக்கையிலும் செல்லாது.

இன்னொன்று, விலைப்பட்டியல். வாசலில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்த காலம் போய், மேசையில் ஒட்டிய கியூ.ஆர். கட்டத்தைப் போனில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். என் வயதுக்காரர்கள் கண்ணாடியையும் போனையும் தேடி முடிப்பதற்குள், “என்ன வேணும் மேடம்?” என்று மூன்றுமுறை கேட்டுவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் விலை தெரியாமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அச்சடித்த அட்டை மேசைக்கு ஒன்று இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கடைசியாக, எந்தக் கிளைக்கடை முதலாளியாவது இதைப் படித்தால்: மதியச் சாப்பாட்டில் அரைச்சாப்பாடு என்று ஒன்று வையுங்கள். தனியாக வருகிற வயதானவர்கள் முழுத்தட்டில் பாதியைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம். விலையில் பாதியைக் குறைக்க வேண்டாம். முக்கால் பங்கு வாங்கிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கை ஆய்வாளர் ஒருவர்,
நாகர்கோவில்.