மே 8க்கு முன்பே விடிந்த வடக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் உலகப்போர்க் கட்டுரையில், 'நோர்வே 1945 மே 8 அன்று விடுதலை பெற்றது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில் பல வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவள் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

கிழக்கு ஃபின்மார்க்குக்கு ஜேர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து விடுதலை 1944 ஒக்டோபரிலேயே வந்துவிட்டது. சோவியத் துறைமுகமான மூர்மன்ஸ்க் பக்கம் லீட்சா ஆற்றங்கரையில் மூன்று வருடமாக நின்ற ஜேர்மன் படையை, மெரெத்ஸ்கோவ் தலைமையிலான சோவியத் படை ஒக்டோபர் 7 அன்று தாக்கத் தொடங்கியது. பெட்சாமோவைப் பிடித்து, நோர்வே எல்லை தாண்டி, 25ஆம் திகதி எல்லையோர ஊரான கிர்கெனெஸுக்குள் நுழைந்தது. அதற்குள் குண்டிலும் தீயிலும் ஊர் பெரும்பாலும் அழிந்திருந்தது. பக்கத்தில் பியோர்னவத்ன் இரும்புச் சுரங்கத்துக்குள் சுமார் 3,000 பேர் ஒளிந்திருந்தார்கள். அந்த இருட்டுக்குள்ளேயே பிள்ளைகளும் பிறந்தன.

ஃபின்மார்க்கின் மேற்கே, ஜேர்மன் படை பின்வாங்கிய வழியில் நடந்தது வேறு. மக்களை வெளியேற்றிவிட்டு எல்லாவற்றையும் எரிக்கும்படி ஒக்டோபர் 28 அன்று ஹிட்லர் கட்டளையிட்டார். சுமார் 50,000 பேரைத் தெற்கே துரத்தினார்கள். போக மறுத்த ஆயிரக்கணக்கானோர் குகைகளிலும் மண்குடில்களிலும் பனிக்காலத்தைக் கழித்தார்கள். அங்குள்ள ஹம்மர்ஃபெஸ்ட் நகரில் மிஞ்சியது சேமக்காலைச் சிற்றாலயம் ஒன்றுதான்.

இங்கே வீடெல்லாம் ஏன் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது என்று, வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். பழைய வீடுகள் எல்லாம் எரிந்துவிட்டன என்றார். அவருடைய தாய் தையல் மெஷினை எண்ணெய்த் துணியில் சுற்றி, உருளைக்கிழங்குத் தோட்டத்தில் புதைத்துவிட்டுத்தான் படகேறினாராம். திரும்பி வந்து தோண்டியபோது சக்கரம் துருவேறி இறுகியிருந்தது. அதே மெஷினை ஜன்னலடியில் வைத்திருந்தார், தொட்டுப் பார்த்தேன். போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவள் நான். அவர் அதற்குமேல் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வந்த சோவியத் படை 1945 செப்டம்பரில் திரும்பிப் போனதையும் இங்குள்ள முதியவர்கள் சொல்லாமல் விடுவதில்லை. அந்த வீரர்களுக்காகக் கிர்கெனெஸில் சிலை நிற்கிறது.

தொடரின் அடுத்த பகுதியில் இதைத் தயவுசெய்து திருத்துங்கள். நீங்கள் போட்ட வரைபடத்தில் ட்ரொண்ட்ஹைமுக்கு வடக்கே ஓர் ஊர்ப்பெயர்கூட இல்லை. கிர்கெனெஸையும் ஹம்மர்ஃபெஸ்டையும் அதில் குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
நோர்வே