சருகு இல்லை, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் அனுப்பிய படத்தைப் பார்த்து, "சருகைப் போய்ப் படம் எடுத்திருக்கீங்களே அப்பா" என்று சிரித்தாயே, அது அந்துப்பூச்சி. உன்னைக் குறை சொல்லவில்லை. பெருக்கித் தள்ளத் துடைப்பத்தோடு போன நானே, சருகுக்குக் கால் முளைத்து நகர்ந்த பிறகுதான் நின்றேன்.

பெயர் தெரிய மூன்று நாள் ஆயிற்று. கைப்பேசிச் செயலி படத்தைப் பார்த்து ஒரு பெயர் சொன்னது, ஆனால் அது சரியில்லை. அதன் மேல் தப்பில்லை. சிறகை மடக்கி உட்கார்ந்திருந்தால் முன்சிறகு மட்டும்தான் தெரியும். துப்பு அதற்கடியில் மறைந்திருக்கும் பின்சிறகில் இருக்கிறது. மூன்றாம் நாள் இரவு, விளக்கடியில் அதே மாதிரி ஒன்று வந்து ஒட்டியது. ஈர்க்குச்சியால் பக்கத்துச் சுவரை மெல்லத் தட்டினேன். முன்சிறகு விலகியதும் உள்ளே பளீரென்று ஆரஞ்சு, நடுவே வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு! அந்தப் பொட்டை வைத்துத்தான் இது யூடோசிமா மேட்டர்னா என்கிற அந்து இனம் என்று முடிவுக்கு வந்தேன். இதன் பங்காளி யூடோசிமா பலோனியாவும் இதே சருகு வேஷம்தான் போடும். ஆனால் அதற்குப் பொட்டு இருக்கிற இடத்தில் வளைந்த பட்டை இருக்கும்.

சாது மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, ஆள் லேசுப்பட்டதில்லை. பூவில் தேன் குடிக்கிற அந்துகளுக்கு உறிஞ்சுகுழல் மெல்லிசு. இதற்கு நுனியில் முள் முள்ளாக இருக்கும். பழத்தோலையே துளைத்துச் சாறு குடித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இதன் புழு பழத்தைத் தொடாது. சீந்தில் மாதிரிக் கொடிகளில்தான் வளரும். பழமரத்தில் புழுவைத் தேடினால் கிடைக்காது.

நீ ஜன்னலில் ஒரு பூச்சியைப் பார்த்ததாகச் சொன்னாயே, அது வண்ணத்துப்பூச்சியா அந்தா என்று நிறத்தை வைத்துச் சொல்லாதே, உணர்கொம்பைப் பார். நுனி குண்டாக இருந்தால் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி. சீப்புப் பல் போல விரிந்திருந்தால் அந்து, அதுவும் அநேகமாக ஆண். பெண் பூச்சி விடும் வாசனையைத் தூரத்திலிருந்தே பிடிக்கத்தான் அத்தனை பல்லும்.

மறுபடி வந்தால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உணர்கொம்பு தெரிய ஒன்று எடுத்து அனுப்பு. பக்கத்தில் அளவுகோல் வைத்தால் நல்லது. சிறகைப் பிடித்து விரிக்காதே, செதில் உதிர்ந்துவிடும். எடுத்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடு. இல்லாவிட்டால் விடிய விடிய அதையே சுற்றிக்கொண்டிருக்கும்.

அன்புடன்,
அப்பா