சனிக்கிழமை மிட்சுவா போகிறோம்

மக்களே, இந்தச் சனிக்கிழமை நியூ ஜெர்சி எட்ஜ்வாட்டர் மிட்சுவாவுக்குப் போகிறோம், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிற ஜப்பானியக் கடைதான், சாப்பாடும் மளிகையும் ஒரே கூரையின் கீழ். மதியம் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், 11:30க்கே வந்துவிடுங்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க: மிசோ (புளித்த சோயா விழுது) சூப்பில் கறி இல்லையே என்று குடித்துவிடாதீர்கள், அடியில் இருப்பது தாஷி, பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுக்கிற சாறு, உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) சூப்பும் அப்படியே. உமேபோஷி என்கிற உப்பிலிட்ட பழம் வைத்த ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை, பரவாயில்லை (உப்பும் புளிப்பும் நம்ம நார்த்தங்காய்க்கே சவால் விடும்), ஆனாலும் லேபிளைப் பார்த்து எடுங்கள். உறையில் 1, 2, 3 என்று போட்டிருக்கும், அந்த வரிசையில் இழுத்தால்தான் கடற்பாசித் தாள் கிழியாமல் சோற்றோடு ஒட்டும், அவசரக்காரர்களிடம் கொடுத்தால் அவ்வளவுதான்.

அப்புறம் கோஷிஹிகாரி என்கிற ஜப்பானிய அரிசி வாங்குபவர்கள் அதில் ரசம் சாதம் எதிர்பார்க்காதீர்கள், குழைந்து ஒட்டும்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள், காரில் இடம் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள்.