கும்பகர்ணனுக்கு அழுவோம், கேட்லினைத் திட்டுவோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஃபேன்டஸி கதைகள்ல மானமா குடும்பமாங்கிற கட்டுரை படிச்சேன். தமிழ்ல இந்த மாதிரி கதைகளப் பத்தி இவ்வளவு விரிவா எழுதுறதே கம்மி, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா ரெண்டு எடத்த என்னால அப்படியே விட முடியல. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையில வர்ற நெட் ஸ்டார்க் பிரபு மானம் மானம்னு நின்னு தலையக் குடுத்த ஏமாளின்னு கட்டுரையாளர் எழுதியிருக்கார், அவர் பொண்டாட்டி கேட்லின் பாசத்துல புத்தி மழுங்கி மகனோட போரக் கெடுத்தவன்னு எழுதியிருக்கார். ரெண்டுமே எனக்கு ஒப்பல, அதுலயும் ரெண்டாவது ரொம்ப வலிச்சுச்சு.

மொதல்ல நெட். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதி 1996ல வந்த முதல் புத்தகத்த நிதானமா படிச்சா அந்த மனுசன் மானத்துக்காக சாகல. ராணி செர்சியோட பிள்ளைங்க ராஜாவுக்குப் பொறந்தவங்க இல்லன்னு தெரிஞ்சதும் நேரா அவகிட்டயே போயி, ராஜா வேட்டையிலேர்ந்து திரும்புறதுக்குள்ள பிள்ளைங்களக் கூட்டிட்டு ஓடிப்போயிருன்னு சொல்றார், ஏன்னா பச்சப்புள்ளைங்க ரத்தம் சிந்துறத அவரால பாக்க முடியாது. அவர் மாட்டுனதே அந்த இரக்கத்துலதான். அப்பறம் ஜெயில்ல கெடக்கும்போது, மக சான்சா உசுரு ஒங்க வாயிலதான் இருக்குன்னு புரியவைக்கிறாங்க, ஊரே கூடியிருக்கிற எடத்துல நின்னு நான் துரோகின்னு செய்யாத குத்தத்த ஒத்துக்கிறார். மகளுக்காக மானத்தத் தூக்கிப் போட்டதுக்கு அப்பறம்தான் செர்சி மகன் ஜாஃப்ரி தலைய வெட்டச் சொல்றான். ஜான் ஸ்னோ விசயமும் அப்படித்தான், புத்தகத்துல மார்ட்டின் இன்னும் வெளிப்படையா சொல்லல, ஆனா சீரியல்ல சொல்லிட்டாங்களே, தங்கச்சிக்குக் குடுத்த வாக்குக்காக அவ மகன தன்னோட கள்ளப்பிள்ளைன்னு சொல்லி வளத்து கட்டுன பொண்டாட்டிகிட்டகூட வாயத் தொறக்காம இருந்தவர் அவர். ஊரே மெச்சுன தன் பேர தன் கையாலயே கறையாக்கிக்கிட்டவர எப்படிங்க மானத்துக்கு செத்த ஏமாளின்னு சொல்றது.

இப்ப கேட்லினுக்கு வர்றேன். செர்சியோட கூடப்பொறந்தவன், போர்ல பிடிச்சு அடைச்சு வச்சிருந்த ஜேமி லானிஸ்டர அவ அவுத்துவிட்டது தப்புன்னு எல்லாரும் வையிறாங்க, ஆனா எந்த ராத்திரி அவுத்துவிட்டான்னு யாரும் சொல்றதில்ல. அவ சின்னப் பசங்க பிரானும் ரிக்கானும் செத்துட்டாங்கன்னு சேதி வந்திருக்கு (அது பொய்ச்சேதிங்கிறது அவளுக்குத் தெரியாது), புருசன் தலை போயிருச்சு, ரெண்டு பொண்ணும் எதிரி கையில இருக்குன்னு நம்பிட்டு இருக்கா. போர நடத்துற மூத்த மகன் ராப் ஜேமிக்குப் பதிலா தங்கச்சிகள வாங்க முடியாதுன்னுட்டான், அவனோட பிரபுக்கள் ஒத்துக்க மாட்டாங்களாம். ஒரு பெரிய தளபதிக்கு ரெண்டு பொம்பளப்புள்ளைங்க ஈடில்லையாம். அந்த நெலமையில ஒரு தாய் வேற என்ன செய்வா.

அந்தச் சிறைக்குள்ள வச்சு ஜேமி கேலியா ஒரு கேள்வி கேக்குறான், இந்தத் தொடருக்கே அதுதான் உசுருன்னு நான் நெனைக்கிறேன். எங்ககிட்ட இத்தன சத்தியம் வாங்குறாங்களே, ராஜா சொன்னதக் கேளு, அப்பன் சொன்னதக் கேளு, எளியவங்களக் காப்பாத்துன்னு, அந்த ராஜாவும் அப்பனும் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்க நின்னா எந்த சத்தியத்தக் காப்பாத்துறதுன்னு. பைத்தியக்கார ராஜா ஏரிஸக் கொன்னு, பழிய காலமெல்லாம் சொமந்தவன் அவன். அத யாருகிட்ட கேக்குறான்னு பாருங்க, கேட்லின்கிட்டதான். அவளும் சும்மா அவுத்துவிடல, என் பொண்ணுங்கள உசுரோட திருப்பி அனுப்பணும்னு அவன் கழுத்துல வாளை வச்சு சத்தியம் வாங்கி பிரியென்ங்கிற வீராங்கனையத் தொணைக்கு அனுப்புறா. ஊரே சத்தியம் மீறினவன்னு காறித் துப்புற ஒருத்தனோட வாக்க நம்புறதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்.

அதனால வெனை வரலன்னு நான் சொல்லல. ராப் பக்கம் இருந்த கார்ஸ்டார்க் பிரபு ரெண்டு மகன்கள ஜேமி வாளுக்குப் பறிகொடுத்தவர், பழிவாங்க இருந்த ஆள இவ விட்டுட்டான்னு ஆத்திரத்துல சிறையில இருந்த ரெண்டு சின்னப் பையன்கள வெட்டிப் போட்டார், ராப் நீதின்னு சொல்லி தன் கையாலயே அவர் தலைய எடுத்தான், கார்ஸ்டார்க் படை போயிருச்சு. ஆனா ராப் செத்ததுக்கு வேற காரணம் இருக்கு. ஆத்துப் பாலத்தக் கடக்க விட்டதுக்கு ஃப்ரே வீட்டுப் பொண்ணக் கட்டிக்கிறேன்னு சத்தியம் பண்ணிட்டு, ஜேன்ங்கிற பொண்ணுகூட ஒரு ராத்திரி இருந்துட்டதால அவ பேரு கெடக்கூடாதுன்னு அவளக் கட்டுனான். அந்த வாக்கு ஒடஞ்சதுலதான் ஃப்ரே வீட்டுக் கல்யாணத்துல அவனையும் அவன் அம்மாவையும் படையோட சேத்து வெட்டுனாங்க. கட்டுரைல ராப் செஞ்சது இளரத்தத்தோட நேர்மையாம், கேட்லின் செஞ்சது மடத்தனமாம். இது என்னங்க நியாயம்?

நம்ம கதைக்கே வாங்க. மதுரைக்காரங்களுக்கு கும்பகர்ணனா விபீஷணனாங்கிற பட்டிமன்றம் புதுசில்ல, கோயில் திருவிழா மேடையில சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்தவங்க நாம. கும்பகர்ணன் கண்ண மூடிட்டு அண்ணன் பின்னாடி போனவன் இல்ல, சபையிலயே வச்சு 'பேசுவது மானம் இடை பேணுவது காமம்'னு ராவணன் மூஞ்சிக்கு நேரா கேட்டவன், சீதைய விட்டுருன்னு சொன்னவன். கேக்கலன்னு ஆனதும் போருக்குப் போறான். தம்பி வந்து கூப்புடும்போது, தலைவன் தப்பு பண்ணா திருத்திப் பாக்கலாம், திருந்தலன்னா 'ஒருத்தரின் முன்னம் சாதல் உண்டவர்க்கு உரியது அம்மா'ன்னு சொல்றான், சோத்த தின்னவன் அவனுக்கு முன்னாடி சாகணும்னு. நீ ராமன்கிட்டயே இரு, செத்தவங்களுக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்க ஒருத்தன் வேணும்னு விபீஷணன அனுப்பியும் வைக்கிறான். அந்தப் பாட்டு வந்தா கூட்டமே கண்ணத் தொடைக்கும், நானும் அழுதிருக்கேன். தப்புன்னு தெரிஞ்சே அண்ணனுக்காக நின்னவன் நமக்கு வீரன். தப்புன்னு தெரிஞ்சே பொண்ணுங்களுக்காக ஒரு எதிரிய அவுத்துவிட்டவ மட்டும் புத்தி கெட்டவளா?

எங்க பக்கம் பங்காளிச் சண்டையில வெட்டுக்குத்து வரைக்கும் போன வீடுகள் உண்டு. அந்த வீட்டுல பொண்ணக் குடுத்திருந்தா, தாய்க்காரி ராத்திரியோட ராத்திரியா எதிராளி வீட்டுக்கு ஆள் அனுப்பி எம்மக மேல மட்டும் கைய வச்சுராதீங்கன்னு கெஞ்சுவா, தெரிஞ்சா புருசன் வீட்டுல அவளக் காட்டிக்குடுத்தவன்னுவாங்க. கட்டுரையில கேட்லினப் பத்தி எழுதியிருக்கிறதப் படிச்சப்ப எனக்கு அந்தப் பேச்சுதான் காதுல விழுந்துச்சு.

இதே மதுரையில நெடுஞ்செழியன் 'யானோ அரசன் யானே கள்வன்'னு சொல்லி உசுர விட்டதக் கட்டுரை ஒரு வரியில மெச்சியிருக்கு, சரிதான், அது மெச்ச வேண்டியதுதான். ஆனா பக்கத்துல கோப்பெருந்தேவி விழுந்தாளே. கணவன இழந்தவங்களுக்குக் காட்ட ஈடு ஒண்ணும் இல்லன்னு அவன் காலத் தொழுது விழுந்து செத்தா. சிலம்பு அவளுக்கு எடம் குடுத்திருக்கு, கட்டுரையில அவ பேரே இல்ல.

இன்னும் ஒண்ணு. டோல்கீனோட 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில மினாஸ் திரித்ங்கிற நகரத்துல பெரகாண்டுன்னு ஒரு காவல்காரன், எடத்த விட்டு நகந்தா மரண தண்டனைன்னு தெரிஞ்சும் நகந்தான், ஆட்சியாளரோட மகன் ஃபராமிர காப்பாத்த தன் கூட்டாளிகளையே வெட்டினான். ராஜா அரகார்ன் அவன ஊர விட்டுப் போகச் சொன்னாலும் அதே ஃபராமிருக்குப் படைத்தலைவனா ஆக்கி அனுப்புறார். வாசகர்களும் அவன சந்தோசமா ஏத்துக்கிட்டாங்க. கேட்லினுக்கு அப்படி ஒருத்தரும் தீர்ப்பு சொல்லல.

இந்தக் கட்டுரைத் தொடர் இன்னும் வரும்னு போட்டிருக்கீங்க. அடுத்த கட்டுரைய கேட்லினுக்கே குடுங்க, முடிஞ்சா கோப்பெருந்தேவியையும் சேத்து, பொண்ணுங்க யாராச்சும் எழுதுனா இன்னும் நல்லது. நெட் பத்தின அந்த வரிக்கு ஒரு திருத்தமும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.