சாவடிச் சோறு

சோழவந்தான்

அன்புள்ள சரசு,

பதிலே போடவில்லை என்று கோபமாக இருப்பாய், இரு. மூட்டு வலி அப்படியே இருக்கிறது. மகன் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறான். வாசல் முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. நலம் விசாரிப்பு முடிந்தது, இனி சண்டைக் கதை.

ஊர்ச் சாவடியில் தனியாக இருக்கும் பெரிசுகளுக்கு மத்தியானச் சோறு போடுகிறோம் என்று சொன்னேன் இல்லையா? அடுத்த மாதத்திலிருந்து எல்லாவற்றையும் பார்சல் ஆக்கிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. பையன்கள் டூவீலரில் வீடு வீடாகக் கொடுத்துவிடுவார்களாம். இலை மிச்சம், தண்ணீர் மிச்சம், சாவடியைக் கூட்டிக் கழுவுகிற வேலை மிச்சம். தலைவருக்குக் கணக்கு நன்றாகத்தான் வருகிறது. நான்தான் கத்திவிட்டு வந்தேன். அன்றைக்குப் பெரிய டாக்டரம்மாவிடம் நீ கத்தினாயே, அந்த அளவுக்கு.

பார்சல் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? முட்டை பேரனுக்குப் போகும். பாதிச் சோறு ராத்திரிக்கு என்று மூடி வைக்கப்படும், இந்த வெயிலுக்கு அது தாங்குமா? 1983லேயே சத்துணவுக் கூடத்தில் முதியோர் பென்ஷன்காரர்களுக்கும் மதியச் சோறு உண்டு என்று ஆக்கினார்கள். பிள்ளைகள் வரிசைக்குப் பின்னால் தூக்குச்சட்டியோடு நின்ற கிழவிகள் ஞாபகம் இருக்கிறார்களா? அவர்களில் எத்தனை பேர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்?

தனியாளுக்கு உலை வைக்கச் சலித்துப்போய், டீயும் பன்னுமாகப் பொழுதை ஓட்டுகிறவர்கள் இவர்கள். இந்த வயதில் உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பதே 6 கிராம்தான். அதுவும் இல்லையென்றால் தசை கரையும், கால் தடுக்கும், இடுப்பெலும்பு போகும். நாம் வார்டில் பார்க்காததா! அதனால்தான் மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பருப்பு என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். பல் இல்லாதவர்களுக்குக் குழைய வடிக்கச் சொல்லியிருக்கிறேன். உப்பைக் குறைத்ததற்கு என் காதுபடவே திட்டுகிறார்கள்.

ஆனால் திட்டிக்கொண்டே மறுசோறு வாங்குகிறார்கள், அதைக் கவனி. வீட்டில் ஒரு கரண்டியோடு எழுந்துவிடும் சீயான் தாத்தா, பந்தியில் ரேக்ளா பந்தயக் கதை அளந்துகொண்டே ரசம் வரைக்கும் போய்விடுகிறார். தண்ணீரும் அப்படித்தான். வயதாக ஆகத் தாகம் தெரியாது, ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று வேறு குடிக்க மாட்டார்கள். பக்கத்து ஆள் குடித்தால் இவர்களும் குடிக்கிறார்கள்.

போன மாதம் கருப்பாயி அப்பத்தா இலை காலியாகக் கிடந்தது. பக்கத்தில் உட்காருகிற கிழவிதான், "அவ வராம இருக்க மாட்டாளே" என்று எழுந்து போனது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல், அடுப்படியில் வேர்த்து ஊற்றச் சாய்ந்து கிடந்திருக்கிறாள். சர்க்கரை 52. நினைவு இருந்தது, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம். பார்சல் என்றால் பையன் திண்ணையில் வைத்துவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போயிருப்பான். தலைவரிடம் இதைச் சொன்னால், "அது என்னைக்கோ ஒரு நாள் நடக்குறது" என்கிறார்.

அப்புறம் ஒன்று. பார்சல் கேட்கிறவர்கள் எல்லாரும் இலைக் காசை மிச்சம் பிடிக்கக் கேட்கவில்லை, சரசு. சமைக்கிறது யார், பக்கத்து இலை யாருடையது என்று பார்த்தே வராத ரெண்டு தெரு இருக்கிறது. மீனாட்சி கோயிலுக்குள் எல்லாரும் நுழைந்தது 1939ல். ஒரே பந்தியில் உட்கார இன்னும் மனசு வரவில்லை. கமிட்டியில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "வசதிக்காக" என்பார்கள். வந்து உட்கார்ந்தவர்களோ இப்போது ஒரே சுருக்குப்பையிலிருந்து வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

இவர்களை உட்கார வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பென்ஷன் 1200 வருகிறதே, நான் என்ன ஓசிச் சோறு திங்கிறவளா என்று வீம்பு பிடித்தவர்களை, "அஞ்சு ரூபாய் கொடு, இல்லையா, கொல்லையில் காய்க்கிறதைக் கொண்டு வா" என்று சொல்லித்தான் இழுத்தேன்.

படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் பார்சல் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொண்டுபோய்க் கொடு, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கூட இருந்துவிட்டு வா என்கிறேன். அதற்கு ஆள் இல்லையாம்.

வருகிற 20ஆம் தேதி கமிட்டி. அதற்குள் நீ தலைவருக்கு ஒரு போன் போடு. அவர் பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் பிரசவம் பார்த்தது நீதானே, உன் சொல்லைத் தட்ட மாட்டார். சண்டை போடாதே, அது என் இலாகா. நீ அழு, உனக்கு அது நன்றாக வரும்.

உன் மருமகள் விஷயம் போனில் பேசுவோம். வரும்போது அந்த எடை மெஷினை எடுத்து வா, இங்கே இருப்பது எல்லாரையும் 40 கிலோ என்றே காட்டுகிறது, என்னையும் சேர்த்து.

பாண்டியம்மாள்